என் வண்டி நம்பரும் நாற்பது வீட்டுக் கேமராவும்

கேமரா மாட்டுகிறவன் ஏணியை மடக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போதே, ‘இவன் எங்கேயோ உட்கார்ந்து நம்மைப் பார்ப்பானோ’ என்று வீட்டுக்காரருக்குத் தோன்றிவிடும். அந்தச் சந்தேகத்தோடு குடித்தனம் நடத்துவதுதான் இந்தத் தொழிலில் பாதி. ஆனால் என் மேல் வந்த சந்தேகம் தானாக வந்தது இல்லை. அதை மைக் வைத்து ஊருக்குச் சொன்ன ஆள் ஒருவர் உண்டு. கம்ப்யூட்டர் சென்டர் சண்முகசுந்தரம் சார். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்து மறந்துபோனால் அவருக்கு லாபம்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டு மரங்களில் கேபிள் டிவி ஒயர் இழுத்து இருபத்தைந்து வருடம் ஓட்டினேன். டிஷ் வந்தது, பிறகு கையில் போன் வந்தது, கேபிள் போனது. ஏலக்காய் விலை ஏறியதும் சரத்தோடு அறுத்துக்கொண்டு போகிற திருடர்கள் வந்தார்கள். ஏணி இருந்தது, ஒயர் இருந்தது, மரம் ஏறத் தெரியும். கேமராவுக்கு மாறிவிட்டேன். வீடு வீடாகப் போய் வேலை செய்கிற பிளம்பர், எலெக்ட்ரீசியன், அடுப்பு ரிப்பேர்க்காரர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு சார் வாய்த்திருப்பார். சேர்ந்து வயிறெரியலாம், வாருங்கள்.

மறதிக்கார முதலாளி

கேமராப் படமெல்லாம் ஒரு பெட்டிக்குள் போய்ச் சேரும். அதைப் போனில் பார்க்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் நம்பர். இன்னொன்று, நாம் போட்டுவைக்கிற பாஸ்வேர்ட். நம்பரை யாரும் மாற்ற முடியாது. பாஸ்வேர்டை வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் “என்ன போடட்டும்?” என்று கேட்டால் எல்லோரும் சொல்வது, “எதையாவது போடுப்பா.” ஆறு மாதம் கழித்து இடி விழும், பெட்டி அணைந்து எழுந்து பாஸ்வேர்ட் கேட்கும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டியைக் கழற்றி எர்ணாகுளத்துக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வருவதற்குள் காய் பறித்து முடிந்துவிடும்.

அதனால் மலையில் கேமரா மாட்டுகிற எங்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் வந்தது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட், போகிற வீட்டுக்கெல்லாம் அதுவே. போடியிலிருந்து வருகிறவர் மகள் பெயரைப் போடுவார். நெடுங்கண்டத்துக்காரர் தன் கடைப் பெயரைப் போடுவார். நான் என் மோட்டார் சைக்கிள் நம்பரைப் போட்டேன். நாற்பது வீடு, ஒரே நம்பர். அது தப்பு என்று இப்போது தெரியும். அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

மலையாளி குரியச்சன் முதலாளியின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் முதன்முதலாக மாட்டியபோது, “வேற ஏதாச்சும் போட்டுக்குங்க முதலாளி, இது எல்லா வீட்லயும் உள்ளது” என்று சொல்லிப் பார்த்தேன். காய் உலர்த்துகிற சூட்டில் அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். காகிதத்தில் எழுதித் தரட்டுமா என்றதற்கும் கையை ஆட்டிவிட்டார். “எனக்கு ஓர்மை நிக்காது தங்கராசே. நான் மறந்தாலும் நீ மறக்க மாட்ட, அது மதி, அது போதும் எனக்கு.”

வளைவுச் சிக்னல்

எங்கள் பக்கத்தில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் ஒன்றுதான். பேச்சியம்மாள் டீக்கடை வளைவு. பெண் பார்த்தது, கருக் கலைந்தது, பங்காளி மேல் கேஸ் போட்டது எல்லாம் அங்கே நின்று கத்திப் பேசித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் பாதிப் பேருக்குப் பெட்டி அணைந்துபோகும். போன் வரும். நானும் வளைவில் வண்டியை நிறுத்திக் கத்துவேன். “என் வண்டி நம்பர்தான் முதலாளி! வண்டி நம்பர்! எழுத்தெல்லாம் பெருசா, நடுவுல எடம் விடாம அடிங்க!” பக்கத்திலேயே வண்டி நிற்கும், நம்பர் பலகையைத் துடைத்துத்தான் வைத்திருப்பேன்.

கடை பெஞ்சில் சண்முகசுந்தரம் சார் தினமும் சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டிருப்பார். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். வயல் வேண்டாம் என்று படித்து, இங்கே வந்து கம்ப்யூட்டர் சென்டர் வைத்து இருபது வருடம். அவர் பேச்சில் ‘ங்க’ இல்லாத வார்த்தை கிடையாது. அவ்வளவு மரியாதையாகக் குத்துகிற ஆளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஆனால் நான் அப்படிக் கத்தும்போதெல்லாம் அவர் டீயைத்தான் குடிப்பார். ஒருநாள் சொன்னது பேச்சியம்மாள். “அண்ணே, ஒங்க வண்டி நம்பர் எங்க கடைப் பூனைக்கே மனப்பாடம்ணே.”

பக்கத்துக் காட்டு ஜீப்

கேமராவுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவன் முகமூடி போட்ட திருடன் என்று நினைப்பீர்கள். இத்தனை வருடத்தில் ஒரு திருடன்கூட என்னிடம் வந்து கேட்டதில்லை. கேட்டவர்களெல்லாம் வெள்ளை வேட்டி கட்டிய நல்ல குடும்பத்து ஆட்கள். பத்து ஏக்கர்க்காரர் ஒருவர் என்னை உட்காரவைத்து, பலாச்சுளை கொடுத்து, மெதுவாகக் கேட்டார். பக்கத்துக் காட்டுக்காரரின் கேட் கேமராவை அவர் போனில் தெரிய வைக்க முடியுமா?

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். காலையில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மலையேறி வருகிற ஜீப்பில் பக்கத்துக் காட்டுக்கு எத்தனை பொம்பளையாட்கள் இறங்குகிறார்கள்? இவருக்குக் காய் பழுத்து உதிர்கிறது, எடுக்க ஆள் இல்லை. அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? முடியாது என்றேன். பலாச்சுளைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பாக்குறதுல என்னய்யா குத்தம்? நான் என்ன அவன் காயவா பறிக்கப் போறேன்?”

சிரிப்பு

வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒருவர் லீவில் வந்து, சமையல்கட்டில் சத்தமும் கேட்கிற கேமரா ஒன்றை மனைவிக்குத் தெரியாமல் வைக்கச் சொன்னார். அந்தப் பொண்ணு எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் போன கையோடு கேட்டார். அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் தம்பி, அவளிடமே கேட்டுப் பாரேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் சந்தேகப்படலண்ணே. போன்ல பேசுறப்ப பின்னால யாருகூடயோ சிரிக்கிறா. எதுக்குச் சிரிக்கிறான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.”

மகள் வீட்டுக் கேமரா

இனி என் முறை. என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இதுவரை படித்திருந்தால், கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் மகள் செல்வியைச் சக்குபள்ளத்தில் கட்டிக்கொடுத்தேன். மற்றவர்கள் சீரில் கிரைண்டர் வைப்பார்கள், பீரோ வைப்பார்கள். நான் அதோடு தலை திருப்புகிற கேமரா ஒன்றையும் வைத்தேன். மூட்டை அடுக்குகிற பின்வாசலில்தான் வேண்டும் என்று சம்பந்தி கேட்டு, நானே போய் மாட்டினேன். பாஸ்வேர்ட், வழக்கம்போல என் வண்டி நம்பர். மகள் போனில் எப்போதும், “நல்லா இருக்கேன்ப்பா” என்பாள். நல்லா இருக்கிறவள் அதை இத்தனை தடவை சொல்ல மாட்டாள். ஒருநாள் மத்தியானம் வளைவில் நின்று அந்தக் கேமராவைத் திறந்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளும் பார்த்தேன். அதே கல், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு. மூன்றாம் நாள் கேமராவின் தலையை மெதுவாகத் திருப்பினேன். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெறும் சோறும் ரசமும்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சும் மிக்சரும் வாங்கிக்கொண்டு போனேன். சம்பந்தி எழுந்து வந்து கையைப் பிடித்தார். வாழையிலை போட்டுக் கோழி வைத்தார்கள். நான் எதைக் கேட்பது? கேட்டால் எப்படித் தெரியும் என்பார்கள். சாப்பிட்டுவிட்டு வண்டியை உதைக்கும்போது செல்வி ஆரஞ்சுப் பையை மடித்துக் கொடுப்பதுபோல் பக்கத்தில் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “அது தலையத் திருப்புனப்பவே நீங்கதான்னு தெரியும்ப்பா. என் தட்ட வேற யாரு பாக்கப்போறா? இனிமே பாக்காதீங்க.”

சங்கக் கட்டடத்தில் கைதட்டு

அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அந்த வீட்டை மட்டும் என்றில்லை, எந்த வீட்டையும். அந்த வருடம் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தில் சண்முகசுந்தரம் சாரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஞாயிறு காலை பதினொரு மணி, கேமராவும் பாதுகாப்பும் என்று தலைப்பு. மைக், ஒலிபெருக்கி, பெரிய திரை எல்லாம் போட்டது நான். கேபிள் காலத்திலிருந்து அந்தக் கட்டடத்தில் மைக் செட் நான்தான் போடுவேன். முன்வரிசையில் சங்கத் தலைவரும் குரியச்சன் முதலாளியும். மூன்றாவது வரிசையில், வெற்றிலை மடித்துக்கொண்டு, என் சம்பந்தி.

சார் எழுந்தார். “ஏனுங்க, உங்க ஊட்டுக் கேமரா பத்திரமா இருக்குதுன்னு நெனைக்கறீங்களா? குரியச்சன் முதலாளி, தப்பா நெனைச்சுக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் ஏதோ தட்டினார். திரையில் முதலாளியின் ஸ்டோர் முற்றம் வந்தது. நடுவில் முதலாளியின் மனைவி அன்னம்மா சேச்சி நைட்டியோடு நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். சத்தமும் பிடிக்கிற கேமரா, நான் மாட்டிய ஒலிபெருக்கி, பேச்சு கணீரென்று வந்தது. மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: சங்கத் தலைவர் காயைப் பச்சைச் சாயத்தில் முக்குகிறார், அந்தச் சாயம் அவர் விரல் நகத்தில் இன்னும் இருக்கும், வேண்டுமானால் போய்ப் பாருங்கள். கட்டடமே தலைவரின் கையைப் பார்த்தது. அவர் இரண்டு கையையும் வேட்டிக்குள் மறைத்தார். முதலில் சிரிப்பு, பிறகு கைதட்டு. கூரை ஓடு அதிரும்படி கைதட்டு. சார் வாய் பிளந்து நின்றார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

தலைவர் கத்த, முதலாளி கத்த, கைதட்டு நின்றது. எப்படித் திறந்தீர் என்று கேட்டார்கள். “நான் எதையும் ஒடைக்கலீங்க, எடுக்கலீங்க. கதவு தெறந்து கெடக்குதுன்னு காட்டுனேன். இது நல்லதுக்குச் செய்யற ஹேக்கிங்குங்க” என்றார் சார். பெட்டி நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது? புதுப் போனில் கேமரா தெரிய வைக்கச் சொல்லி முதலாளியே அதற்கு முந்தின மாதம் அவரிடம் கொடுத்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை இரண்டு பேருமே சொல்லவில்லை. சார் விரல் என் பக்கம் நீண்டது. “பாஸ்வேர்டு போட்டவரு அங்க ஒயர் புடிச்சுட்டு நிக்கறாருங்க. நாப்பது ஊட்டுக்கும் அவரு வண்டி நம்பர்தான். இத்தன வருசத்துல எத்தன ஊட்டப் பாத்திருப்பாருன்னு அவரையே கேளுங்க.” எல்லாத் தலையும் திரும்பியது. குரியச்சன் முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். கோபத்தைவிட அவர் குரலில் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது. “தங்கராசே, ஒரு வீட்டையும் பாத்திட்டில்லன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் விசுவசிக்காம்.”

எங்க ஆளு எங்க போறாரு?

நான் சொல்லவில்லை. மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

பொய் சொல்லியிருக்கலாம். கேபிள் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொன்னவன் நான். ஆனால் மூன்றாவது வரிசையில் சம்பந்தி இருந்தார். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்து, ‘ஒங்கப்பன் ஒரு வீட்டையும் பாத்ததில்லன்னு சத்தியம் பண்ணாருமா’ என்று சொல்லுவார். பரிமாறிக்கொண்டிருக்கிற என் மகள் எனக்காக ஆமா என்று தலையாட்ட வேண்டும். உண்மையைச் சொன்னாலோ, அவளுக்குத் துவைக்கிற கல்லும் கிடைக்காது. அதனால் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததை ஊர் கேட்டுக்கொண்டது. வீடுகளில் கேமரா மேல் துண்டு தொங்கியது, கோணிப்பை தொங்கியது. பேச்சியம்மாள் மட்டும் கடைக் கேமராவை மூடவில்லை. பூனை எப்படியும் அதன்மேல்தான் படுக்கிறது என்றாள். நெடுங்கண்டத்துக்காரர் என் வாடிக்கையில் பாதியை எடுத்துக்கொண்டார், தன் கடைப் பெயரையே பாஸ்வேர்டாகப் போட்டு.

ஆனால் என்னைத் தேடி வருகிறவர்கள் குறையவில்லை. வேறு வேலைக்கு வந்தார்கள். கூட்டத்தில் “இவனை எல்லாம் மலையில விடக்கூடாது” என்று கத்திய ஒருவரின் வீட்டம்மா, சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று விளக்க விளக்க, அந்த அம்மாவுக்கு முகம் வாடியது. “எல்லா வீட்டையும் பாக்குறவரு. எங்க ஆளு சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போறாருன்னு மட்டும் சொல்லுங்கண்ணே, யாருட்டயும் சொல்ல மாட்டேன்.”

சுவரைப் பார்த்து நின்றது

பிறகு நானே புறப்பட்டேன். மாட்டிய வீடும் பெட்டி நம்பரும் குறித்துவைத்திருக்கிற நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் என் வண்டி நம்பரை அழித்தேன். யாரும் கூப்பிடவில்லை. சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து கொடுப்பேன், “நீங்களே ஒண்ணு அடிங்க, என்கிட்டச் சொல்லாதீங்க” என்பேன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அடித்து முடித்தேன் என்று சொல்லும்வரை திரும்ப மாட்டேன். காலண்டர் இல்லாத சுவராக இருந்தால் ரொம்ப நேரம் போலத் தெரியும். ஒரு வீட்டில் அந்தம்மா பாதியில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார், “என்னண்ணே அங்கயே பாக்குறீங்க? பல்லியா?”

குரியச்சன் முதலாளி ஸ்டோருக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கடைசிக்கு முந்தின வீடாக வைத்துப் போனேன். அவர் அந்தக் கூட்டத்தின் பேச்சை எடுக்காமல் என்னைப் பெட்டியிடம் கூட்டிப்போனார். பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, உலர்ந்த காய் கொட்டியிருந்த தட்டுகளின் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன்.  பின்னால் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தட்டிப் பார்க்கிற சத்தம். “கண்ணாடி வீட்ல இருக்கு. நீயே அடிச்சிரு தங்கராசே, எனக்கு ஓர்மை நிக்காது.”

கடைசிப் பெட்டி

நான் அடிக்கவில்லை. அன்னம்மா சேச்சியைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நோட்டில் மீதி ஒரு பெட்டிதான் இருந்தது. சண்முகசுந்தரம் சாரின் கம்ப்யூட்டர் சென்டர். அதையும் மாட்டியது நான்தான். ஊருக்கே பாடம் எடுத்தவர் தன் பெட்டியை மாற்றாமலா இருப்பார் என்று நினைத்தேன். வளைவில் வண்டியை நிறுத்தி, அவர் பெட்டி நம்பரைப் போட்டு, என் வண்டி நம்பரை அடித்தேன். திறந்துகொண்டது. பார்த்ததும் மூடிவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அது நடக்கவில்லை, ஐந்து நிமிடம் பார்த்தேன். துணி போட்டு மூடிய நான்கு கம்ப்யூட்டர்கள், ஆள் இல்லாத பெஞ்சு. சார் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ எடுத்த அந்தச் சங்கக் கூட்ட வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டு முடிகிற இடத்தில் நிறுத்துவார், பின்னால் தள்ளுவார், மறுபடி பார்ப்பார்.

அந்தப் படத்தை என் போனில் பிடித்து நாற்பது வீட்டுக்கும் அனுப்பியிருக்கலாம். விரல் அந்த இடத்தில்தான் இருந்தது. அனுப்பவில்லை. அதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டாம். அன்று பூராவும் அனுப்பாமல் விட்டேனே என்றுதான் இருந்தது. மறுநாள் காலை சென்டருக்குப் போய், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். “சார், ஒங்க பெட்டியில பழைய பாஸ்வேர்டுதான் இருக்கு. மாத்திருங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மாத்துலீன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்? அப்ப உள்ள வந்து பாத்திருக்கறீங்க.”

“பாத்தேன் சார். தொட்டுப் பாக்காம, கதவு தெறந்திருக்குன்னு எப்படிச் சொல்றது?”

“அதேதானுங்க நானும் செஞ்சேன்” என்று சிரித்தார்.

“இல்ல சார். நான் ஒங்க கடைக்கு வந்து, ஒங்ககிட்ட மட்டும், மைக் இல்லாமச் சொல்றேன். நீங்க என்கிட்ட அப்படிச் சொல்லியிருந்தா நாப்பது வீட்டையும் அன்னைக்கே மாத்தியிருப்பேன். தினமும் வளைவுல பக்கத்துலதான சார் ஒக்காந்திருந்தீங்க? அந்தக் கைதட்டு வீடியோவ எத்தன தடவதான் பாப்பீங்க?”

சிரிப்பு நின்றது. மூடியிருந்த கம்ப்யூட்டர்களின் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். “இருவது வருசமாப் பாடம் எடுக்கறனுங்க தங்கராசு. இந்த மலையில லைட்டு எரியலீன்னா உங்களக் கூப்படறாங்க, டிவி தெரியலீன்னா உங்களக் கூப்படறாங்க. என்னைய எதுக்குங்க கூப்படறாங்க? ஒரு தடவையாச்சும் யாராச்சும் எனக்குக் கைதட்டியிருக்கறாங்களா? அன்னைக்குத்தானுங்க தட்டுனாங்க.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கைதட்டு வாங்கியது என் பெயரை விற்று. அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அதே கட்டடத்தில், அதே மைக்கில், பெட்டி நம்பரை முதலாளிதான் உங்களிடம் கொடுத்தார், பாஸ்வேர்டை வளைவில் நீங்கள் காதால் கேட்டீர்கள், அந்த ஸ்டோருக்குள் தங்கராசு நுழைந்ததாக உங்களுக்குத் தெரியாது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றது என்றால் என் மகள் சம்பந்தப்பட்டது, அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். அந்த மரியாதையில் அன்றைக்கு ஒரு குறையும் இல்லை. “உங்க மேல தப்பில்லீன்னு எனக்குத் தெரியாதுங்களா? அடுத்த கூட்டத்துல கண்டிப்பாச் சொல்லிப்போடறனுங்க.”

அதற்குப் பிறகு நான்கு கூட்டம் நடந்துவிட்டது, நான்கிலும் சார் அந்த மூன்றைத் தவிர எல்லாம் பேசினார், நான்கிலும் மைக்கில் ஒரு கோளாறும் இல்லை, ஏனென்றால் அதை மாட்டியது நான்.